கத்திச் சொல்ல முடியாத சேதி

ஈஸ்வரிக்குத் தொண்டை கட்டி ஒரு வாரமாகியிருந்தது. கம்பெனியில் துணித்தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். தூசி மேல் பழி போட்டால் அது திருப்பிக் கேட்கப் போவதில்லை. அவள் தொண்டையைக் கெடுத்தது மாமனார் சோலைச்சாமியின் காது.

சோலைச்சாமி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாமல் நடப்பவர். காதுதான் ஐந்தாறு வருஷமாகவே மங்கிக்கொண்டு வந்து, இப்போது இடது காது முழுக்கவும் வலது காது முக்கால்வாசியும் அடைத்துவிட்டது. மதுரையில் வாங்கிக் கொடுத்த காது மெஷின் மிக்சிச் சத்தத்தையும் லாரி ஹாரனையும் பெரிதாக்கிக் கொடுத்தது. மனுஷர் பேச்சை மட்டும் தகர டப்பாவுக்குள் போட்டு உருட்டியது. அதோடு சமயா சமயத்தில் விசில் வேறு அடித்தது. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி அலமாரியில் வைத்தவர் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதனால் ராஜபாளையம் மலையடிப்பட்டியில் அந்த வீட்டில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டாரா என்று கத்த வேண்டும். கரண்ட் பில் கட்டியாயிற்று என்று கத்த வேண்டும். குழம்பில் உப்புப் போதுமா என்று கத்தி, அவர் "என்னது, பருப்பா?" என்று கேட்க, மறுபடியும் கத்த வேண்டும். தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு மாதம் வரைக்கும், ஈஸ்வரி பெரியவரை ராப்பகலாக ஏசுகிறாள் என்றே நினைத்திருந்தார்கள்.

அவளுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை. கணவன் விஜயபாண்டி எல்லைக் காவல் படையில் ராஜஸ்தான் பக்கம் இருந்தான். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. ஈஸ்வரி காலையில் சோறு பொங்கி வைத்து, மாமனாருக்கு எடுத்துப் போட்டு மூடிவிட்டு, தளவாய்புரம் பஸ்ஸைப் பிடித்து நைட்டி கம்பெனிக்குப் போவாள். அங்கே அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து வந்த நைட்டிகளை விரித்துப் பார்த்து, விட்டுப்போன தையலைக் குறித்து, தொங்கும் நூலை வெட்டி மடிக்க வேண்டும். கண்ணும் இடுப்பும் போகும்; ஆனால் வாய்க்கு வேலை இல்லை. அந்த மட்டில் அவளுக்குக் கம்பெனி பிடித்திருந்தது.

கத்துவதுகூடப் பழகிவிட்ட காரியம்தான். அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. ஆடி மாதத்திலிருந்து அவள் மாமனாரிடம் ஒரு பொய்யைக் கத்திக்கொண்டிருந்தாள்.

சோலைச்சாமிக்குக் கூடப்பிறந்தது ஒரே தங்கை, பாலம்மாள். கான்சாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தோட்டத்தில் என்ன விளைகிறதோ அதில் ஒரு பையை நிரப்பிக்கொண்டு அமாவாசைக்கு அமாவாசை அண்ணனைப் பார்க்க வந்துவிடுவாள். அவளும் மெதுவாகப் பேசத் தெரியாதவள். வயல்காட்டுக் குரல். அண்ணன் காதுக்கு மெஷின் இல்லாமலே எட்டுகிற குரல் அவளுடையது ஒன்றுதான்.

ஆடியில் சோலைச்சாமிக்கு நெஞ்சு வலி வந்து, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் அங்கே படுத்திருந்தபோது கான்சாபுரத்தில் பாலம்மாள் இறந்துபோனாள். கடலைக்குக் களையெடுத்துவிட்டு வந்து, வெயில் தலையைச் சுற்றுகிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சேதி வந்தபோது, பெரியவருக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபடியே குடும்பம் முடிவெடுத்தது. இப்போது சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மாதம் போகட்டும் என்றார்கள். மாதம் போனது. செக்கப்புக்கு மதுரை போனபோது ஈஸ்வரியே டாக்டரிடம் தனியாகக் கேட்டாள். "இப்ப நல்லா இருக்கார். பக்குவமாச் சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். அதன் பிறகுதான் யார் சொல்வது என்கிற கேள்வி வந்தது. சோலைச்சாமியின் மகள் கனகலட்சுமி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாள். "நீதான் கூடவே இருக்க. நேரங்காலம் பாத்து நீயே சொல்லிரு" என்று அவள் ஒதுங்கினாள். விஜயபாண்டி, "நான் லீவுல வரும்போது பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிடுதேன்" என்றான். அவன் லீவு தள்ளிக்கொண்டே போனது.

சொல்லிவிடலாம் என்று ஈஸ்வரியும் இரண்டு தடவை மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறந்ததும் ஒன்று புரிந்தது. அவர் காதருகே குனிந்து, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, சிலிண்டர் வந்திருக்கு என்று கத்துகிற அதே குரலில் உங்கள் தங்கச்சி செத்துப்போச்சு என்று கத்த வேண்டும். முதல் தடவை கேட்காது. இரண்டாவது தடவையும் கத்த வேண்டியிருக்கும். அப்படி ஒரு சேதியை எந்த மனுஷி கத்துவாள்? இரண்டு தடவையும், காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

ஆவணி அமாவாசை அன்றைக்குச் சோலைச்சாமி வாசலிலேயே இருந்தார். பஸ் வருகிற நேரமெல்லாம் தெருமுனையைப் பார்த்தார்.

"பாலம்மா ஏன் வரல?"

"முட்டு வலியாம் மாமா" என்று ஈஸ்வரி கத்தினாள். "நடக்க முடியலையாம்."

"என்ன வலி?"

"முட்டு வலி. முட்டு வலி."

எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாலம்மாள் சாவுக்குத் துட்டி கேட்கத் தெருவிலிருந்து கான்சாபுரத்துக்கு வேன் பிடித்துப் போனவர்களில் அவளும் ஒருத்தி. ஈஸ்வரி இரண்டாம் தடவை கத்தியபோது, பிச்சையம்மாள் தலையை நிமிர்த்தாமல் கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பொய் சொல்கிறவர்கள் காதோடு காதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். ஈஸ்வரி, பொய் என்று தெரிந்த ஒரு தெருவுக்கே கேட்கும்படி அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

கம்பெனியில் அவள் பக்கத்து மேசை சத்யப்பிரியா. கிருஷ்ணன்கோவில் பெண், கல்யாணமாகித் தளவாய்புரம் வந்தவள். போனில் எது புதிதாக வந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஈஸ்வரி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "தூசின்னு இன்னும் எம்புட்டு நாளைக்குக்கா சொல்லுவீங்க?" என்றாள்.

ஈஸ்வரி காது விஷயத்தைச் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை.

"இதுக்காக்கா கத்துதீங்க? பேசுறத அப்படியே எழுத்தா காட்டுற ஆப் இருக்கு. எங்க பெரியப்பாவுக்கு நாந்தான் போட்டுக் கொடுத்தேன். காசெல்லாம் கிடையாது. வீட்ல பழைய போன் ஏதும் கெடக்கா?"

மகள் விட்டுப்போன பழைய போன் ஒன்று பீரோவில் கிடந்தது. மறுநாள் அதைக் கொண்டுவந்தாள். சத்யப்பிரியா ஒரு கையில் தயிர்சோற்று டப்பாவை வைத்துக்கொண்டே மறு கையால் எல்லாவற்றையும் செய்து முடித்தாள்.

"மொழியத் தமிழ்னு வச்சுட்டேன். இங்க வந்தா எழுத்த எம்புட்டுப் பெருசா வேணாலும் ஆக்கிக்கலாம், கண்ணாடியே வேணாம். நெட் கட்டாயம் வேணும். உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா போதும். பேசும்போது டிவிய அமத்திருங்க. ஃபேனுக்கு நேர் கீழ வைக்காதீங்க, காத்துச் சத்தத்துல உளறும். ரெண்டு பேரு ஒண்ணாப் பேசுனாலும் உளறும். அப்புறம் இந்தக் கவர். பாருங்க, அடியில மைக் ஓட்டைய மறைச்சுக்கிட்டு இருக்கு." கவரைக் கழற்றி ஈஸ்வரி கையில் கொடுத்தாள். "முக்கியமா, கத்தாதீங்கக்கா. கத்துனா அதுக்குப் புரியாது. மெதுவாப் பேசுங்க."

மெதுவாகப் பேசு என்று யாரோ ஒருவர் தனக்குச் சொன்னதே ஈஸ்வரிக்கு என்னவோ போலிருந்தது.

அன்று சாயங்காலம் டிவியை அமர்த்திவிட்டு, போனைச் சோலைச்சாமி கையில் கொடுத்து, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் போனைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ படம் காட்டப்போகிறாள் என்று நினைத்தார் போல.

"மாமா, நான் பேசுறது இதுல எழுத்தா வரும். பாத்துப் படிங்க" என்றாள் சாதாரணக் குரலில்.

அவர் உதடு அசைந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

"நீ பேசுறதா இது?"

"ஆமா மாமா."

"குரல் கம்மியிருக்குன்னு தெரியுது, உன் மூஞ்சியப் பாத்தா. தொண்டைக்கு என்ன?"

"கட்டிக்கிருச்சு. கத்திக் கத்தி."

அதையும் படித்தார். "இம்புட்டு நாளும் சொல்லாம விட்டுட்டியே" என்றார். அவருடைய பேச்சும் சத்தம்தான். தன் குரல் தனக்குக் கேட்காதவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "எம்புட்டுச் சோறு வைக்க?" என்று கேட்டாள். போனில் "என் புட்டு சோறு வைக்க" என்று வந்தது. அவர் படித்துவிட்டு, "புட்டு எப்ப அவிச்ச?" என்று கேட்டார். ஈஸ்வரி எட்டிப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தாள். ஊர்ப்பேச்சு அந்தப் போனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவர் என்கிற அர்த்தத்தில் 'அவிய' என்றால் எதையோ அவிக்கச் சொல்லியது. கூமாப்பட்டி என்கிற ஊர்ப் பெயரை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதியது. அவர் அதையெல்லாம் ஒரு வழக்கு விசாரிப்பதுபோலத் துருவிப் பார்த்து, சரியான சொல் என்னவாக இருக்கும் என்று தானே கண்டுபிடித்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் கேள்வி கேட்டு மாளவில்லை. பேத்தி என்ன படிக்கிறாள், எத்தனை வருஷம், சாப்பாடு நன்றாக இருக்கிறதா. மகனுக்கு அங்கே குளிர் எப்படி. கம்பெனியில் ஒரு நைட்டிக்கு எத்தனை தையல். எத்தனையோ வருஷமாகப் பாதி பாதியாகக் காதில் விழுந்ததையெல்லாம் இப்போது முழுசாக்கிக்கொண்டார். ஈஸ்வரிக்கு வேலை முடிந்து வந்த உடம்பு. எதிரே உட்கார்ந்து பதில் சொல்வதும் ஒரு வேலைதான். ஆனாலும் கத்தாமல் சொல்கிற வேலை.

பிறகு அதற்குத் தனியாக ஒரு சிம் போட்டு, அவர் போனை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார்.

மூன்றாவதோ நாலாவதோ நாள் திரும்பி வந்தவர், செருப்பைக் கழற்றாமலே நின்றார். "நான் போய் பெஞ்சில போன வச்சதும் எல்லாவனும் பேச்ச நிறுத்திருதான். ரத்தினம் வாயத் திறந்தா மூடவே மாட்டான், அவனும் பேப்பர எடுத்து மூஞ்சிய மறைச்சுக்கிடுதான். என்ன சங்கதி?"

"தெரியலையே மாமா" என்றாள் ஈஸ்வரி. போன் அதை ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக் காட்டியது.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றிருந்த நேரத்தில் கனகலட்சுமி கூப்பிட்டாள். குடும்பத்துச் சேதியெல்லாம் முதலில் வந்தது. அவள் வீட்டுக்காரர் பொன்னுராஜுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. மாடியில் தண்ணீர் ஏறவில்லை. கூமாப்பட்டிப் பெரியப்பா பேரனுக்குப் பெண் நிச்சயம் பண்ணியிருக்கிறார்கள். கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம நாங்க வாரோம். அப்பாவுக்கு என்னமோ போன் வாங்கிக் கொடுத்திருக்கியாமே, பேசுனதெல்லாம் எழுதுமாம். ரத்தினம் அண்ணன் சொன்னாரு."

"ஆமா மதினி. பழைய போன்தான்."

"நாங்க இருக்கும்போது அத எங்கனயாச்சும் எடுத்து ஒளிச்சு வையி. இவிய வாய் சும்மா இருக்காது, அத்தைய பத்தி எதையாச்சும் பேசிருவாக. அது எழுதிப்புட்டா என்ன செய்ய?"

பஸ் சேத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவளின் கூடை ஈஸ்வரியின் விலாவில் இடித்தது. கத்தியதுபோக இனிமேல் போனை ஒளிக்கிற வேலையும் தன் தலையிலா என்று நினைத்தாள். கோபம்கூட வரவில்லை; கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"ஒளிக்க முடியாது மதினி. அவிய போன்தான் அது. படுக்கும்போதும் தலைமாட்டுல வச்சுக்கிடுதாக."

"அப்ப என்ன செய்யப்போற?"

"பாக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் விஜயபாண்டியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் வழக்கம்போல, "தீபாவளிக்குள்ள எப்படியும் வந்துருவேன் ஈஸ்வரி" என்று ஆரம்பித்தான்.

"நீங்க வாரது வரைக்கும் என்னால முடியாதுங்க. நாளைக்குச் சொல்லப்போறேன். உங்ககிட்ட கேக்கல, தகவல் சொல்லுதேன்."

அவன் லீவுப் பேச்சை விட்டுவிட்டான். பிறகு, "மாத்திரைய கையில வச்சுக்கோ" என்றான்.

சனிக்கிழமை கம்பெனி அரை நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவர் படுத்து எழுந்து, காபி குடித்து முடிக்கிறவரை ஈஸ்வரி காத்திருந்தாள். ஃபேனை அமர்த்தினாள். வாசல் கதவைச் சாத்தினாள். போனை அவர் மடியில் வைத்து, நாற்காலியை அவர் முட்டு இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். கான்சாபுரத்துச் சின்னம்மா தவறிட்டாக."

அவர் படித்தார். "எங்க தவறுனா? வாய்க்காலிலயா? வழுக்கி விழுந்துட்டாளா?"

நாசூக்குக்காகப் பெரியவர்கள் சொல்லிப் பழக்கிய சொல் அது. காதில் விழுந்திருந்தால் குரலே அர்த்தத்தைச் சொல்லியிருக்கும். வெறும் எழுத்தாகப் போனில் கிடந்தபோது அது ஒரு கிழவி கால் இடறியதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. ஈஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மாமா. இறந்துட்டாக. சின்னம்மா இறந்துட்டாக."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது.

"எப்ப?"

"ஆடியில. நீங்க மதுரையில படுத்திருந்தீக. சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சோலைச்சாமி போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்போல இருந்தார். அவள் பேசாததால் அதில் எதுவும் வரவில்லை.

"எடுத்தது என்னைக்கு?"

"மறுநா சாயங்காலம்."

"பொறந்த வீட்டுக் கோடிச் சேல யாரு போட்டா?"

"நாந்தான் மாமா. மதினியையும் பொன்னுராஜ் அண்ணனையும் உங்ககூட விட்டுட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து எடுத்துட்டுப் போனேன்."

"என்ன சேலை?"

"மாம்பழக் கலர். அரக்குக் கரை. நல்ல சேலதான் மாமா. நானே கையால போத்துனேன்."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"தூங்குன மாதிரிதான் இருந்தாக. சீக்காக் கெடக்கல. ஒரு நா கூடக் கெடக்கல. காட்டுல இருந்து வந்து படுத்தாக, அம்புட்டுத்தான்."

கேள்வி ஒவ்வொன்றையும் அவர் சத்தமாகக் கேட்டார். பதில் ஒவ்வொன்றையும் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்தது. துட்டி வீட்டில் அவள் அழவில்லை. அன்றைக்கு இரவே மதுரைக்குத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பிலேயே நின்றிருந்தாள். இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசியதில் போன் ஒரு வரியைக் கன்னாபின்னாவென்று எழுதியது. அவர் அதைப் படித்துப் பார்த்து, புரியாமல் விட்டுவிட்டார்.

வெகுநேரம் கழித்து, "தண்ணி எடுத்து வையி. தலைக்கு ஊத்தணும்" என்று எழுந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கேட்டாலும் சாவைக் கேட்டால் குளிக்க வேண்டும். அவள் வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அவர் வெந்நீரைத் தொடாமல், தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு ஊற்றினார். கதவுக்கு வெளியே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் விழுகிற சத்தம் நிற்காமல் இருக்கிறதா என்று கேட்டபடி ஈஸ்வரி நின்றாள்.

துவட்டிக்கொண்டு வந்தவர் முகம் மாறியிருந்தது. துக்கம் போய்க் கணக்குக் கேட்கிற முகமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"தெருவுக்குத் தெரியுமா?"

அவள் தயங்கினாள்.

"சொல்லு. தெருவுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"டீக்கடையில?"

"தெரியும்."

"அப்ப அவ்வளவு பேருக்கும் நடுவுல வாசல்ல உக்காந்துக்கிட்டு, தங்கச்சி ஏன் வரலன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நீ முட்டு வலின்னு கத்தியிருக்க. ஊரு பூராவும் வேடிக்க பாத்திருக்கு."

"வேடிக்க இல்ல மாமா. யாருக்கும் மனசு வரல."

அதை அவர் படித்தாரோ என்னவோ. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கனகலட்சுமியும் பொன்னுராஜும் பால்கோவாவோடு வந்தார்கள். சோலைச்சாமி எழுந்து உட்கார்ந்தார். ஆனால் போன் கவிழ்ந்தபடியே கிடந்தது. கனகலட்சுமி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். அழுது முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள், "இப்படித் தனியாப் போட்டு உடைச்சிட்டியே, நாங்க வாரது வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

ஈஸ்வரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அரிசி வெந்துருச்சான்னு பாருங்க மதினி" என்றாள். பதில் சொல்லியிருந்தால் அரை நாள் பேச்சு வளர்ந்திருக்கும். அவ்வளவு பேச அவளுக்குத் தொண்டையும் இல்லை, மனசும் இல்லை.

நாலு நாள் சோலைச்சாமி வாசலுக்கு வரவில்லை. டீக்கடைக்கும் போகவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், மாத்திரையைப் போட்டுக்கொண்டார். போனை மட்டும் தொடவில்லை. ஈஸ்வரி பழையபடி கத்திப் பார்த்தாள். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பிச்சையம்மாள் ஒருநாள் கருப்பட்டிப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, கும்பிடுவதுபோலக் கையைச் சேர்த்தாள். அவர் ஒன்றை எடுத்துத் தின்றார்.

ஐந்தாம் நாள் காலையில் ஈஸ்வரி கம்பெனிக்குக் கிளம்பும்போது, அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கான்சாபுரம் போகணும். நீயும் வா."

கம்பெனிக்கு லீவு சொன்னாள். அந்த மாதத்தில் அது எத்தனையாவது லீவு என்று சூப்பர்வைசர் கேட்டார். நாளைக்கு வந்து சொல்வதாகப் போனை வைத்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கி, மாலை வாங்கிக்கொண்டு, வத்திராயிருப்புப் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தார்கள். மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. பாலம்மாள் வீட்டு வாசலில் அவள் மகன் சமுத்திரம் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். மாமனைப் பார்த்ததும் கையைக் கழுவாமலே ஓடிவந்து கட்டிக்கொண்டான். உள்ளே இருந்து பெண்கள் வந்தார்கள். வந்திருக்க வேண்டிய அண்ணன் இரண்டு மாதம் கழித்து வந்து நிற்பதைப் பார்த்ததும், அடங்கியிருந்த அழுகை மறுபடி ஒப்பாரியாகக் கிளம்பியது.

சோலைச்சாமி போனை எடுத்துப் பிடித்தார். ஆளுக்கொரு பக்கமாக அழுததில் அது அரைச் சொல்லும் கால் சொல்லுமாக எதையோ எழுதியது. பிறகு அதுவும் நின்றுபோனது. அவர் அதை ஈஸ்வரியிடம் கொடுத்தார். "பையில போடு. இது தெரிஞ்சதுதான்" என்றார்.

படத்துக்கு மாலை போட்டார். தோட்டத்துக்குப் போய், எரித்த இடம் எது என்று கேட்டு, கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து சமுத்திரத்திடம், "கோபமா மாப்ள?" என்று கேட்டார்.

ஈஸ்வரி போனை எடுத்து நீட்டினாள். சமுத்திரம் அதைப் பார்த்து மிரண்டு, மேடையில் பேசுகிறவன்போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "அன்னைக்கு இருந்துச்சு மாமா. நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தது தெரிஞ்ச பொறவு இல்ல. அக்கா ஒத்த ஆளா வந்து எல்லாத்தையும் செஞ்சாக."

அவர் படித்துவிட்டுத் திரும்பி ஈஸ்வரியைப் பார்த்தார்.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பஸ் ஊரை விட்டு வெளியே வந்ததும் சோலைச்சாமி பேசினார். அவர் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் மேல கோபம் இல்லன்னு சொல்ல வரல. இருக்கு. எல்லார் மேலயும் இருக்கு. போக நாளாகும்."

ஈஸ்வரி தலையை ஆட்டினாள்.

"ஆனா நீ ஒருத்திதான் வந்து சொன்ன. அதுவும் தெரியும். இனி எதுன்னாலும், எம்புட்டுக் கெட்டதுன்னாலும், அன்னைக்கே சொல்லிரு."

"சொல்லுதேன் மாமா" என்றாள். போன் பையில் இருந்தது. அவர் அவள் வாயைப் பார்த்தார். அதில் புரிந்ததோ என்னவோ, சரி என்பதுபோல முன்னால் திரும்பிக்கொண்டார்.

ஜன்னல் காற்று பட்டதும் அவளுக்குக் கண் சொருகியது. நாளைக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்பார். துவைக்கிற துணி மலையாகக் கிடக்கிறது. விஜயபாண்டிக்குப் போன் பண்ணி நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பிறகு அதையே கனகலட்சுமிக்கும் சொல்ல வேண்டும். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். கண்டக்டர் ராஜபாளையம் என்று சத்தம் போட்டபோதும் விழிக்கவில்லை. சோலைச்சாமிதான் தோளைத் தட்டினார்.

இறங்கி நின்றதும், ராத்திரிக்கு என்ன என்ற யோசனை வந்தது. "தோச மாவு வாங்கிட்டுப் போவோம் மாமா" என்றாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் அவருக்கு அது எங்கே கேட்கப்போகிறது. அவள் திருப்பிச் சொல்லவில்லை. மாவுக் கடைப் பக்கம் நடந்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.